கருவாட்டு முடிச்சில் ஒரு மிளகாய்

அக்கா, இன்று காலை கருவாடு ஊறப்போட்டேன். அந்த வாடை வந்ததும் கை தானாகப் பொட்டலத்துக்குள் துழாவியது. கடையில் வாங்கியது. அதில் மிளகாய் எங்கிருந்து வரும்?

நீ கடலோரத்து ஹுத்தான் மெலிந்தாங்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது நான் பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தேன். உனக்கு எழுத வராது. வேறு யாரையாவது எழுதச் சொன்னால் உன் மாமியார் காதுக்குப் போய்விடும். தோட்டத்துக்கு வரும் மீன் லோரிக்காரரிடம் கருவாடு கொடுத்தனுப்பினால் மட்டும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனால் கிளம்பும்போது நீதான் வழி சொன்னாய்.

"நல்லா இருந்தா முடிச்சுக்குள்ள ஒரு காஞ்ச மிளகா வைப்பேன். பூச்சி வராம இருக்க வச்சேன்னு கெழவி நெனச்சுக்கும். மிளகா இல்லேன்னா நீ வந்து கூட்டிட்டுப் போயிரு லா."

"அம்புட்டுக் கதையும் ஒத்த மிளகாயிலயா?"

"ஒன் வாய்க்கு அந்தக் காரம் போதும்டி."

முடிச்சு வந்தால் மீனைப் பார்க்க மாட்டேன். மிளகாயைத்தான் தேடுவேன். கண்டபிறகுதான் அடுப்பு மூட்டுவேன். நான் முதல் பிள்ளையைச் சுமந்த வருஷமும் அது தவறாமல் வந்தது. பிறகு ஒருநாள் லோரிக்காரர் முடிச்சு இல்லாமல் வந்து, நீ கண்ணை மூடிவிட்டதாகச் சொன்னார்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். உன் பக்கத்து வீட்டுக்காரம்மாதான் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மாசக்கணக்கா படுக்கைதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக அந்த வீட்ல ஆளில்ல. தங்கச்சிக்குச் சொல்லியனுப்பவான்னு கேட்டேன். வயித்துப் பிள்ளைக்காரி, அலைய வேணாம்னுட்டா. நான்தான் கருவாடு கட்டிக் கொடுத்தேன். மிளகாய மட்டும் மறந்துறாதீங்கன்னு படுத்துக்கிட்டே சொல்லுவா."

அந்த வயிற்றுப் பிள்ளை இன்றைக்கு ஈப்போவில் ஒரு கம்பெனியில் மின்னஞ்சல் வேலை பார்க்கிறாள். அது என்ன வேலை என்று போன வாரம் கேட்டேன்.

"பெரிய விஷயத்தச் சின்னதாச் சுருக்கி, பூட்டுப் போட்டு அனுப்புவோம்மா. நடுவுல யார் பாத்தாலும் புரியாது. சாவி இருக்கிறவங்கதான் தொறக்கலாம்."

"அனுப்புறவளே பொய்ய வச்சு அனுப்பினா?"

"அதுக்குப் பூட்டு என்னம்மா செய்யும்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. நம் பூட்டை வழியில் யாரும் திறக்கவில்லை. லோரிக்காரருக்கும் தெரியாது, உன் மாமியாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல் போயிற்று.

இப்போது இவள் போனில் "நல்லா இருக்கேன்மா" என்றால் என் மனம் ஆறுவதில்லை. ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய், முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.