கடலுக்குச் சொல்லாத அரைமணி

புக்கிட் ரோத்தான்,
11.8.1986, திங்கள்.

பிரியமுள்ள வாகீஸ்வரிக்கு,

இங்கே நான் சுகம். சண்டாக்கானில் நீரும் பசுபதியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பிள்ளையின் இருமல் நின்றுவிட்டதா? பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் இன்னும் எல்லா வேலையையும் உம் தலையிலேயே கட்டுகிறாரா? ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லிப் பாரும். என்னிடம் சொல்ல மட்டும் உமக்கு நன்றாக வருகிறதே.

நாலு நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ரொட்டி சானாயைக்கூட நின்றபடிதான் தின்கிறேன். வியாழக்கிழமை காலை எங்கள் தோட்டத்துத் தண்ணீர்க்கதவை நேரத்துக்கு முன்பே திறந்துவிட்டதால், கடல் தண்ணீர் கால்வாய் வழியாக நாற்றங்காலுக்குள் ஏறிவிட்டது. நாலாயிரம் செம்பனைக் கன்றுகள். இன்று போய்ப் பார்த்தேன், நுனியெல்லாம் கருகி நிற்கின்றன.

கடல் ஏறும்போது அந்தக் கதவை மூட வேண்டும், நன்றாக வற்றிய பிறகு திறந்து மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று மாதம் முழுவதுக்கும் அச்சடித்துக் கொடுப்பது நான் மூன்று வருடத்துக்கு முன் எழுதிய புரோகிராம். ஒருநாளும் தவறியதில்லை. அதை நம்பித்தானே ஹெட் ஆபீஸ் நீர் இருக்கும் சபாவின் தோட்டங்களிலும் போடச் சொல்லி, நவம்பரில் என்னை உம் பக்கத்துக்கே மாற்றுவதாக இருக்கிறது.

கதவைத் திறந்தவன் தங்கராஜு. பழைய ஆள் சன்னாசி ஓய்வுபெற்றுப் போனதால் இந்த மாதம் முதல் தேதிதான் வேலைக்கு வந்தான். கடுதாசியில் ஒன்பதேகால் என்று இருந்தது, ஒன்பதேகாலுக்குத்தான் திறந்தேன் என்கிறான். முன்னாலேயே திறந்து போட்டுவிட்டு டவுனுக்குப் போயிருப்பான் என்கிறார் மானேஜர். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கம்ப்யூட்டர் பிழைவிடாது என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மாதக் கடைசியோடு அவனுக்கு வேலை இல்லை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவன் மனைவி இராஜம்மா ஆபீஸ் வாசலில் நின்றாள். நான் உள்ளே போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்துதான் இந்தத் தவிப்பு.

13.8.86, புதன்.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். புரோகிராமை வரிவரியாக நாலு தடவை படித்தேன். கணக்கில் பிழை இல்லை. நேற்று அரைநாள் லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் அம்பாங் பெச்சாவுக்குப் போனேன். சன்னாசி இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே கூடத்துச் சுவரில், கதவுக் கொட்டகையில் இருந்த அதே கடிகாரம். போகும்போது மானேஜரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். அதில் மணி மூன்றரை. என் கையில் நாலு.

உங்கள் கடிகாரம் அரைமணி பிந்துகிறதே என்றேன். பிந்தவில்லை என்றார். எண்பத்திரண்டாம் வருடம் சபாவோடு ஒன்றாக இருக்கட்டும் என்று இங்கே நேரத்தை அரைமணி முன்தள்ளினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் முள்ளைத் திருப்பினோம். அவர் திருப்பவே இல்லை.

"மணிய மாத்துனது கவர்மெண்டு, ஐயா. கடல்கிட்ட யாரு போய்ச் சொன்னா லா?"

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். என் புரோகிராம் நிற்பதே எண்பது, எண்பத்தொன்றில் கடல் ஏறி வற்றும் நேரங்களைக் கதவுக் கொட்டகையில் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களின் மேல். எல்லாம் பழைய நேரம். அந்த அரைமணியைக் கூட்ட நான் மறந்துபோனேன். எழுதி முடித்ததும் மூன்று வாரம் சரிபார்த்தேனே, யாருடைய கடிகாரத்தை வைத்து? சன்னாசியின் கடிகாரத்தை வைத்து. என் பழைய நேரமும் அவருடைய பழைய நேரமும் அச்சாகப் பொருந்தின. அவர் போனார், கடிகாரமும் போனது. தங்கராஜு சரியான கடிகாரத்தைப் பார்த்து, பிழையான கடுதாசிப்படி அரைமணி முன்னதாகத் திறந்திருக்கிறான். முதல் சில நாள் தெரியவில்லை. அமாவாசை கழிந்து பெரிய ஏற்றம் வந்த அன்று தெரிந்துவிட்டது.

பிழை வந்தால் தேடிப் பிடிக்க எனக்குத் தெரியும், வாகீசு. மூன்று வருடமாக ஏன் ஒரு பிழையும் வரவில்லை என்று கேட்கத் தெரியாமல் போய்விட்டது. என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

15.8.86, வெள்ளி.

நேற்றுப் புரோகிராமைத் திருத்திவிட்டேன். ஒரே வரி, முப்பது நிமிஷத்தைக் கூட்ட வேண்டியதுதான். மீதி நாட்களுக்குப் புதுக் கடுதாசியும் அடித்துக் கொடுத்தாயிற்று. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டார்கள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தங்கராஜுவுக்கு வேலை கிடைக்குமா என்றுகூட விசாரித்தேன். அவனுக்கு அது போதும், எனக்கு நவம்பர் கிடைத்துவிடும் என்று ஒரு பகல் முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உமக்கு எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று காலை அவன் ஆபீசுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கடிகாரம் கட்டிய கையை என் முன்னால் நீட்டினான்.

"ஐயா, எனக்கு மணி பாக்கத் தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க."

என் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதற்கே அவன் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, அங்கிருந்து நேரே மானேஜரிடம் போகிறேன். முதலில் தபால், பிறகுதான் மானேஜர். என்னை எனக்குத் தெரியும், அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிடக்கூடிய ஆள் நான். உமக்குத் தெரிந்துவிட்டால் பிறகு திரும்ப வழியில்லை. ஹெட் ஆபீஸ் என்ன சொல்லும் என்று நான் எழுத வேண்டியதில்லை, உமக்கே விளங்கும்.

நமக்காக நீர் பார்த்து வைத்திருக்கும் அந்த மூன்று அறை வீட்டை, வேறு யாரும் கேட்டால் கொடுத்துவிடும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிடும். பசுபதிக்கு நானே தனியாக எழுதுகிறேன். கடவுள் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். என்மேல் கோபம் வந்தால் கோபமாகவே எழுதும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதேயும்.

என்றும் உமது,
குமாரசிங்கம்