சாமி காசில் பிடித்தம்

ஏனுங்க மாமா,

சோறும் கொள்ளுப்பருப்பும் அடுப்படியில் இருக்கின்றன. கணக்கை முடிக்க நான் பேங்குக்குப் போகிறேன்.

நம் பையன் சாமியப்பனின் காய்ச்சலுக்காக முருகனுக்கு நேர்ந்த காசை, "மஞ்சத்துணி எதுக்கு, பேங்குல கெடக்கட்டும்" என்று போட்டவர் நீங்கள். சாமி காசைத் தொடக்கூடாதென்று வருஷக்கணக்கில் நாம் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்றுப் பேங்கில் கேட்டால், "வரவு செலவே இல்லாத கணக்குங்க அம்மணி, அதுக்குக் கட்டணம் புடிச்சிருக்குதுங்க" என்கிறார்கள். நீங்களோ, "சாமி என்ன எண்ணியா பாக்குது?" என்று சிரிக்கிறீர்கள்.

நாளை சிவன்மலை முருகன் கோயிலில் பையனுக்கு மொட்டை. குறைந்த காணிக்கையோடு நான் படியேற மாட்டேன்.

செல்லாத்தாள்

சொல்ல மறந்தது: மஞ்சள் துணியை அரிசிப் பானைமேல் வைத்திருக்கிறேன். பேங்கில் பிடித்த காசை உங்கள் பனியன் கம்பெனிச் சம்பளத்திலிருந்து அதில் போட்டு வையுங்கள். சாமி எண்ணாது. நான் வந்து எண்ணுவேன்.