வசந்தி திரும்பிப் போனாளா?

1.7.2006, சனி. அரியலூர்
காலையிலேயே வெயில். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம். வாசகர்களுக்கான வார மின்னஞ்சல் போய்விட்டது. என் இரண்டாவது கதைத் தொகுப்பு வந்தபோது ஆரம்பித்தது. நூறு பேருக்குப் போகிறது. போன வாரக் கடிதத்துக்குப் பதில் இரண்டே இரண்டு. ஒருவருக்கு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். இன்னொருவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார்.
சுருக்கி எழுதியாயிற்று. கேள்வியோடு முடித்துப் பார்த்தாயிற்று. யாருக்கும் வேண்டாம்போல.
வாங்க: பாசிப்பருப்பு, சிவப்பு ரீஃபில், அம்மாவுக்குத் தைலம்.

5.7, புதன்
ராணி டீச்சர் ஸ்டாஃப் ரூமில் அழுதாள். ஐந்து வருடமாகப் பக்கத்து வகுப்பு, என்னைவிடச் சின்னவள். மாமியார் சொந்தக்காரர்கள் முன்னால் குழந்தையில்லாததைச் சொல்லிக் காட்டினாராம். புருஷன் வாயே திறக்கவில்லை. ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் வேலை அவருக்கு.
"கல்லு மாதிரி நின்னாருக்கா. பையத் தூக்கிக்கிட்டு அம்மா வூட்டுக்கு வந்துட்டேன்."
தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவினேன். அந்த 'கல்லு மாதிரி'யை மறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தடவினேன்.

8.7, சனி
ராணி கதையை எழுதி அனுப்பிவிட்டேன். பெயர் மட்டும் வசந்தி. மற்றதெல்லாம் அப்படியே, குழந்தைக்காகத் திருச்சி டாக்டரிடம் போய்வந்தது உட்பட.

10.7, திங்கள்
பதில் பத்தொன்பது! ஷார்ஜாவிலிருந்து ஒருவர்: 'ரூமில் நாலு பேர் சேர்ந்து படித்தோம். வசந்தி அடுத்து என்ன செய்தாள்?'
சந்தோஷம். ஒளிப்பதற்கில்லை. நல்ல சந்தோஷம்.

13.7, வியாழன்
மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. ராணி வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். போய், கேள்வியாகக் கேட்டேன். அவர் போன் செய்தாரா? என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்?
"ஒங்ககிட்ட சொன்னாத்தான்க்கா பாரம் கொறையுது." காபியில் எனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை கம்மி.

15.7, சனி
இரண்டாவது பாகம். பதில்கள் முப்பதுக்கு மேல். முக்கால்வாசிப் பேர்: வசந்தி திரும்பிப் போகக்கூடாது.

19.7, புதன்
இடைவேளையில் ராணி ஓடி வந்தாள். முகமே வேறு. புருஷன் ஆலத்தியூரிலேயே தனி வீடு பார்த்துவிட்டாராம். அன்றைக்குப் பேசாமல் நின்றது தப்பு என்று போனில் அழுதாராம்.
"நாளைக்குக் கூப்புட வராருக்கா. போவட்டுமா?"
"இப்பப் போவாத. ஒரு மாசம் போவட்டும். அவரு கொஞ்சம் தவிக்கட்டும்."
யோசிக்கவே இல்லை. உடனே வாயில் வந்தது. அவள் போய்விட்டால் மூன்றாவது பாகத்தோடு முடிந்துவிடுமே என்பது, சொல்லி முடித்த பிறகா தோன்றியது, அதற்கு முன்பேயா?

21.7, வெள்ளி
நேற்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வாசலில் ரொம்ப நேரம் நின்றாராம்.
"நீங்க சொன்னதாலதான் தைரியமா இருந்தேன்க்கா. எனக்காக யோசிக்க வேற யாரு இருக்கா?"


22.7, சனி
அனுப்பவில்லை. வெளியூரில் இருந்தேன் என்று பொய் சொல்லிக்கொள்ளலாம். விடைத்தாள் திருத்தினேன். ஒருவனுக்குக் கூட்டல் தப்பு, மறுபடி போட்டேன்.

24.7, திங்கள்
இரண்டு கடிதங்களையும் பிரின்ட் எடுத்து ராணியிடம் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. திருச்சி டாக்டர் வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம்.
"எத்தன பேருக்கு?"
"நூறு."
"போவாதன்னு சொன்னீங்களே, அது எனக்கா, இவங்களுக்கா?"
"தெரியல ராணி."
நானும் ஆலத்தியூர் வருகிறேன், அவரிடம் பேசுகிறேன் என்றேன்.
"நீங்க வர வேணாம். நானே போய்ப் பேசிக்கிறேன். என்னாச்சுன்னு மட்டும் ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்."
அக்கா என்று கூப்பிடவில்லை.

28.7, வெள்ளி
அவள் மூன்று நாள் லீவு. ஹெச்.எம். சொல்லித்தான் தெரியும்: ஆலத்தியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகப் போகிறாளாம், புது முகவரி கொடுத்திருக்கிறாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நல்லபடியாக இருக்கட்டும். இதை யாரிடம் சொல்வது.

29.7, சனி
மேகமூட்டம். நான்கு வரி மட்டும் அனுப்பினேன். வசந்தி நிஜமானவள். என் தோழி. அவளைக் கேட்காமல் எழுதினேன். இனி எழுத மாட்டேன்.
பத்து நிமிடத்தில் ஷார்ஜாக்காரர்: 'புரிகிறது மேடம். சேர்ந்துவிட்டார்களா இல்லையா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.'
தெரியும். பதில் போடவில்லை.