ஜன்னலோரப் பாத்தி

அன்புள்ள கோபக்காரிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முட்டிவலி இருக்கிறது, சாப்பாடு ஏதோ ஓடுகிறது. உன் தங்கை வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பத்து நாளில் வருகிறேன் என்று போனவள், இது மூன்றாவது மாதம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நீ போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் நான் அருங்காட்சியகத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. நான்கு வாரம் வராதவரின் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது உங்கள் தன்னார்வலர்களின் சட்டமாமே. இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட அந்தப் பழைய தபால்காரர் வீட்டு ஜன்னலோரத்தில் ஏழு வருடமாக நீ வளர்த்த சாமந்தியை இன்னொருத்தர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பதிவேட்டில் உன் பெயருக்கு நேராக நான்தான் கையெழுத்து போடுகிறேன். பொறுப்பாளர் அம்மா பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுகிறார்.

தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத ஆள் நான். ஆனால் அங்கே காலைப்பொழுது எப்படிப் போகிறது என்றே தெரிவதில்லை. கூடத்துக் கடிகாரம் தபால்காரர் காலத்திலேயே நின்றுவிட்டதாம், யாரும் அதை ஓடவைப்பதில்லை. புதினாப் பூவில் தேனீக்கள் முனகுகின்றன. வெயில் கூரையிலிருந்து இறங்கி மெதுவாகப் பாத்திக்கு வருகிறது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது மாதிரி ஒரு சுகம். இதற்குத்தான் ஓடி ஓடிப் போனாயா?

இப்போது என் அசட்டுத்தனத்தைக் கேள். உன் சாமந்திகளுக்கு நடுவே புதிதாக ஒன்று முளைத்தது. நீ விதைத்துவிட்டுப் போனது என்று நினைத்து, குச்சி நட்டு, நூல் கட்டி, ஒரு குவளை கூடுதலாகவே ஊற்றி, இடுப்பு உயரத்துக்கு வளர்த்துவிட்டேன். போன வாரம்தான் தெரிந்தது, அது சுத்தமான களை. பக்கத்துப் பாத்தித் தையல்கார அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதுகிட்ட நீங்க அவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தீங்களே, எப்படிங்க சொல்றது என்றார்.

பேசினேனாம். நான். சுவரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு என்று பெட்டியை எடுத்த அன்று நீ சொன்னாயே, அந்த ஊமைக்கோட்டான். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். முட்டிவலி, உன் தலையணை, போகாதே என்று சொல்லத் தெரியாமல் அன்று வாசலில் நின்றது, எல்லாவற்றையும் அந்தக் களையிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவை. தப்பு என்னுடையது.

நேற்று தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ஜன்னலில் அந்தப் பழங்கண்ணாடி நெளிநெளியாக இருக்குமே, அதன் வழியே பார்க்கிறேன், பாத்தியில் நீ குனிந்து நிற்கிறாய். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். மண்வெட்டிப் பிடியில் உன் தொப்பியை மாட்டி வைத்தது நான்தான்.

மாதக் கடைசியில் புதிதாக ஒருவர் சேருகிறாராம். அதற்குள் நீ நேரில் வராவிட்டால் பாத்தி அவருக்கு. இனி என் கையெழுத்து செல்லாதாம்.

களையைப் பிடுங்க எல்லோரும் வந்தார்கள், நான் விடவில்லை. அதன் விதை உதிர்வதற்குள் வந்து நீயே பிடுங்கு. என்னைத் திட்டிக்கொண்டே பிடுங்கு. நான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஊமைக்கோட்டான்