பதிவேட்டில் பன்னிரண்டாம் எண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பாவும் நானும் சௌக்கியம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய், சிரி, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரி. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதிக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நீ வரவேண்டாம். எட்டு வருஷமாக எப்போ வரே எப்போ வரே என்று உன் உயிரை வாங்கியவள்தான் இதை எழுதுகிறேன், எனக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை.

போன வருஷம் நீ லீவில் வந்தபோது துறைமுகத்தைச் சுற்றி வேலி மட்டும்தானே போட்டிருந்தார்கள், இப்போது வேலிக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத நீளக் கட்டடங்கள் நாலு எழும்பிவிட்டன. வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து நிற்கின்றன, யாரோ எங்கேயோ போடும் சண்டைக்கு நம் பையன்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அதில் அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றும் சொல்லமாட்டார்களாம், இல்லை என்றும் சொல்லமாட்டார்களாம். இல்லாததை இல்லை என்று சொல்ல என்ன கஷ்டம் என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன், அவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். துறைமுகத்தை ஒட்டிய ஏழு தெருவுக்கும் வீட்டுக்கு இரண்டு அட்டை அயோடின் மாத்திரை, அணுக்கதிர் கசிந்தால் விழுங்குகிறதாம் அது, கொடுக்கச் சொல்லி உத்தரவாம், எதற்கு என்று கேட்டதற்கு வழக்கமான ஏற்பாடுதான் என்றார்களாம். முப்பது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், இப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததில்லை. நம் வீட்டு அட்டைகள் தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு கிடக்கின்றன, நூல் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகின்றன. லாரி எடைமேடையில் வேலை பார்த்த மனுஷன் இல்லையா உன் அப்பா, கண் மங்கினாலும் காது மங்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து லாரிச் சத்தத்தை வைத்தே இது காலி, இது லோடு என்று சொல்லிவிடுவார். இந்த ஒரு மாதமாகப் போகிற லாரிகள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. என்ன லோடுனு தெரியல, ஆனா இவ்வளவு பயந்து பயந்து யாரும் வண்டி ஓட்டி நான் கேட்டதில்லை என்றார்.

இதை எதிர்த்துத்தான் நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை தபால் ஆபீஸ் முனையில் நிற்கிறோம், நீயும் ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு வந்து நின்றாயே. நான் தைத்த பேனரை இரண்டு பேர் பிடிப்போம், கோஷம் கிடையாது, கல் கிடையாது, பதினாலு பேர் சும்மா நிற்போம். நம் பெரிய டீச்சர்தான் தலைவி, ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பதிவேடு மாதிரியே கோடு போட்ட நோட்டு, வரிசை எண், பேர், விலாசம், வேலை. பேர் கூப்பிட்டால் உள்ளேன் டீச்சர் என்று சொல்லவேண்டும், பல் போன கிழங்கள்கூடச் சொல்லும், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பதினொன்றாம் எண் நான். அன்றைக்கு என் கொழுப்பு சும்மா இருந்ததா, என் பெண்ணும் வந்திருக்கிறாள் பார் என்ற பெருமையில் பன்னிரண்டாம் எண்ணில் உன் பேரை எழுதி, நீ இருக்கிற ஊர், ஆபீஸ் விலாசம் எல்லாம் விடாமல் எழுதினேன். ஒரு நாள் நின்னதுக்கு எதுக்கும்மா என் பேரு என்று நீ அப்போதே கேட்டாய். நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு மரியாதையான ஒரு ஆள் டீச்சர் வீட்டுக்கு வந்து, பாதுகாப்புக் கொடுக்கணும், எத்தனை பேர்னு தெரியணும் என்று பதிவேட்டைக் கேட்டிருக்கிறான். முப்பது வருஷம் யார் யாரோ அதிகாரிகள் வந்து கேட்டபோதெல்லாம் பதிவேட்டை நீட்டிய கை, இப்போதும் நீட்டிவிட்டது. அதோடு விட்டாரா, பெற்றுக்கொண்டேன் என்று அவனிடம் கையெழுத்து வேறு வாங்கி வைத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக, வாரத்துக்கு இரண்டு வீடு என்று ஆட்கள் வருகிறார்கள். அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு டிரைவிங் ஸ்கூல்காரருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க முடியவில்லை, ஒன்பதாம் எண் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார், மருந்துக்கடைக்காரர் பத்தாம் எண், அவர் கடை இரண்டு வாரமாகச் சோதனையில் இருக்கிறது. அடுத்தது நான் என்று தெரிந்து வீட்டைப் பெருக்கி, என்ன சொல்வது என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். அப்பா ஆபரேஷனுக்கு முன் எடுக்கவேண்டிய டெஸ்டுக்குப் போயிருந்தார், நான் மட்டும்தான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையடி. பொண்ணு பதினெட்டாம் தேதி காலை ஃப்ளைட்ல வராங்க இல்ல, வரட்டும், ஏர்போர்ட்லயே ஒரு ரெண்டு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான் என்றார்கள். அந்தத் தேதியை நான் உன்னோடு போனில் பேசியதைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை, எதிர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. எழுதினது நான், கையெழுத்தைப் பாருங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது என்று கத்தினேன். பரவாயில்லம்மா, அவங்ககிட்டயே கேட்டுக்கறோம் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டைத் தலைகீழாகத் தைத்துவைத்தேன். உன்னை நானே பிடித்துக்கொடுத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு. வெள்ளிக்கிழமை போய் நின்றேன். பதிவேடு இல்லாவிட்டாலும் டீச்சருக்கு எல்லாப் பேரும் மனப்பாடம், பன்னிரண்டு வந்ததும் வழக்கம்போல உனக்குப் பதிலாக நான் லீவு என்று சொல்வேன் என்று பார்த்தார். பேரை அடிச்சிடுங்க டீச்சர் என்றேன். அவர் பதின்மூன்றைக் கூப்பிட்டார்.

இதை மருந்துக்கடைக்காரரின் தங்கை கையில் கொடுத்துவிடுகிறேன், அவள் உன் ஊர் வழியாகத்தான் போகிறாள். படித்ததும் கிழித்துப்போடு. அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை, அவருக்குப் பொய் வராது, போனில் உளறிவிடுவார். அதனால் அவர் உன்மேல் மனத்தாங்கல்படுவார், பொறுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல் போன் பண்ணுவேன், லீவு கிடைக்கலம்மா என்று சொல், வேறு ஒன்றும் சொல்லாதே. நான் உன்னைத் திட்டுவேன், பெத்த அப்பனுக்குக் கண் ஆபரேஷன்னாகூட உனக்கு வேலைதான் பெருசா என்று கேட்பேன், அழுவேன். திட்டுவதை நம்பாதே. அழுவது நிஜம்தான், அதைக் கேட்டு மனசு இளகி டிக்கெட்டை மறுபடி எடுத்துவிடாதே. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு கண்ணு, உனக்கு ஒரு கெடுதலும் வராது. டிக்கெட்டை இன்றைக்கே ரத்து செய்.

பன்னிரண்டாம் எண்ணை எழுதியவள்,
உன் அம்மா.