வெற்று ஜாடியும் ஆறு முட்டையும்

ஏப்ரல் 8, திங்கள். லுண்ட், ஸ்வீடன்.

நான்காவது முறையும் அதே கூத்து. முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைச் சுற்றிப் பாலிமரை உறையவைத்து, புரதத்தைக் கழுவி எடுத்தால் அதன் வடிவில் குழி நிற்கும். அந்தக் குழி அந்தப் புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். நாலு வருஷமாக என் பிழைப்பு இதுதான். ஒப்பிட்டுப் பார்க்க, புரதத்தைக் கண்ணிலேயே காட்டாமல் செய்த வெற்றுப் பாலிமர் ஒன்றும் உண்டு. அது எதையும் பிடிக்கக் கூடாது. இன்று என் குழிகளைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது. சனியன்.

ஏப்ரல் 10

பேராசிரியர் குன்னெல் வரைபடத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். மே 3-ல் என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகச் சுவரில் ஆணியடித்து மாட்டியாக வேண்டும்; முனைவர் பட்டத்துக்கு முன் இங்கே அதுதான் சம்பிரதாயம். "வெற்று அடங்கலைன்னா ஆணியே அடிக்காத, தூவா" என்றார்.

ஏப்ரல் 15

வெற்றுப் பாலிமரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். உனக்கு யாருடி முட்டையைக் காட்டினது?

ஏப்ரல் 18

நான்தான்.

ஆய்வகப் பொறுப்பாளர் ரூனே, வெற்றுப் பாலிமர் செய்யும் ஜாடியின் மூடியிலிருந்த ரப்பர் வளையத்தை நெம்பினார். அடியில் காய்ந்த பொருக்கு. மோந்து பார்த்து, முட்டை நாற்றம் என்றார். வெள்ளிதோறும் ஆய்வகத்துக்கு ஒருவர் கேக் செய்ய வேண்டும்; பிப்ரவரியில் ஒரு வெள்ளி என் முறை. முறை தவறினால் இங்கே கொலைக்குற்றம். இங்கே சமையலறையில் கேக் சுட, ஆறு முட்டையின் வெள்ளைக்கருவைச் சைக்கிளில் சிந்தாமல் கொண்டுவரப் புது ஜாடி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனேன். பிறகு நன்றாகக் கழுவினேன் — வளையத்தைத் தவிர. எதுவும் கலந்துவிடக் கூடாதே என்று, வெற்றுக்கென்றே அந்த ஜாடியை ஒதுக்கியும் வைத்தேன். அடிப் பாவி!

ஜாடி மாறியிருக்கும் என்று ரூனே தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு புது ஜாடியில் செய்தால் போதும். போதுமா?

ஏப்ரல் 19, வெள்ளி

கேக் மேசையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இந்த அளவீடுகள் இருக்கும் ஐந்தாம் அத்தியாயம் பொய், ஆணி கிடையாது என்று தீர்ப்பையும் நானே சொன்னேன். குன்னெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தக் கேக்கை ஆய்வக ஜாடியில இருந்தா தின்னோம்?"

"புது ஜாடி, குன்னெல்."

"நான் ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேனே."

அரை மணி நேரம் அதே விசாரணை. யார் எத்தனை துண்டு, யாருக்கு வயிறு வலித்தது. என் நாலு வருஷத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து போகும்போதுதான் குன்னெல் சொன்னார்: "புது ஜாடியில செய். பழசையும் மறைக்காம எழுது."

ஏப்ரல் 29

வெற்று எதையும் பிடிக்கவில்லை. பூஜ்யம். உட்கார்ந்து அழுதேன்.

மே 3, வெள்ளி

ஆணி அடித்தாயிற்று, ஒரு அடி கட்டைவிரலில். ஐந்தாம் அத்தியாயத்தின் செய்முறைப் பகுதியில் இப்போது கேக்கும் இருக்கிறது: முட்டை ஆறு, சர்க்கரை முந்நூறு கிராம்.

கேக் பட்டியலில் அடுத்த வெள்ளி என் பெயர். பக்கத்தில் குன்னெல் கையெழுத்தில்: கடையில் வாங்கி வரவும்.