தோளில் மிஞ்சிய விரல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

விரலில் ஊசி குத்திவிட்டது, பயப்படாதே, காய்ந்துவிட்டது. புகைப்படங்களைப் பெரிதாக அச்சடித்து அவற்றின்மேல் நூலால் தைக்கும் வேலை என்று சொன்னேனே, கண்காட்சிக்கு என்னையும் ஒன்று செய்யச் சொன்னார்கள். நம் குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டேன். அப்பா போன மறுமாதமே, "இவ நம்ம வீட்டு ஆளே இல்ல" என்று பெரியப்பா உன்னைக் கத்தரித்து எறிந்தாரே, அதே படம். அவசரத்தில் ஒன்றைக் கோட்டைவிட்டுவிட்டார். அப்பாவின் தோளில் உன் நான்கு விரல்கள் அப்படியே இருந்தன.

அந்த விரல்களிலிருந்து தொடங்கி, சிவப்பு நூலில் உன்னை முழுசாகத் தைத்துவிட்டேன். உன் படம் வேறு எதுவும் இல்லாததால் கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் உன் முகத்தைத் தைத்தேன். பெரியப்பாவின் முகத்தை உப்புத்தாளால் வெள்ளைத்தாள் தெரியும்வரை தேய்த்தேன். ஒரு மத்தியானம் முழுக்க, நிதானமாக.

முதலாளியம்மா, "மூஞ்சியில்லாத இந்த ஆளு யாரு?" என்றார்.

"எங்க வீட்டு ஆளே இல்லீங்க" என்றேன். வயிறு குளிர்ந்தது.

உன் சேலை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. நிறம் பார்க்கத்தான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அழைப்பிதழிலும் இதே படம்தான், பெரியப்பாவுக்குப் பதிவுத் தபாலில் ஒன்று போயிருக்கிறது. "எங்க என் மூஞ்சி?" என்று உன் வாசலில் வந்து நின்றால் நீ வாயே திறக்காதே. உட்காரவைத்து, கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வை.

உன் மகள்